கள்வனிடம் இசைவு கேட்கும் காவல்

இந்நாட்டில் ஊழலை ஒழிப்பதற்கென்று அரசினர் அமைத்து வைத்திருக்கும் அமைப்புகளுக்குக் குறைவில்லை. தில்லியில் நடுவண் கண்காணிப்பு ஆணையம் ஒன்று, சி.பி.ஐ. என்று மக்கள் சொல்லும் நடுவண் புலனாய்வுத் துறை ஒன்று. அமலாக்கத் துறை ஒன்று. இவற்றுக்கெல்லாம் மேலே லோக்பால் என்று ஒன்று. சென்னையில் ஊழல் தடுப்பு, கண்காணிப்பு இயக்ககம் ஒன்று. லோக் ஆயுக்தா ஒன்று. இத்தனை காவலர் இருந்தும், ஓர் உழவன் தன் தந்தை விட்டுச்சென்ற அரைக்காணி நிலத்திற்குப் பட்டாவில் பெயர் மாற்றப் போனால், கையில் ஒன்றும் கொடாமல் வேலை நடக்கின்றதா? நடக்கவில்லை. ஏன் என்று கேட்டால், "மக்கள் கெட்டுவிட்டனர்" என்பார் சிலர். "சட்டம் போதவில்லை" என்பார் வேறு சிலர். இரண்டும் பொய்யுரை. சட்டம் வண்டி வண்டியாகக் கிடக்கின்றது. நாயை வளர்த்தவர்கள் அதன் கழுத்துக் கயிற்றை வீட்டாரிடம் தராமல், எவன்மேல் அது பாய வேண்டுமோ அவன் கையிலேயே தந்துவிட்டார்கள். இக்கயிற்றின் கதையைத்தான் ஈண்டு எழுதப் புகுகின்றேன்.

முதலில் பெயரைப் பாருங்கள். லோக்பால் என்னும் சொல்லை 1963-இல் சிங்வி என்னும் பாராளுமன்ற உறுப்பினர் ஆக்கித் தந்தார். மக்களைக் காப்பவர் என்பது அதன் பொருளாம். காக்கப்படும் மக்களுக்கே பொருள் விளங்காத பெயர்! தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2018-இல் இயற்றிய சட்டத்திற்கும் லோக் ஆயுக்தா என்றே பெயரிட்டார்கள். ‘மக்கள் முறைமன்றம்’ என்றோ ‘ஊழல் உசாவல் ஆணையம்’ என்றோ வைத்திருந்தால் எந்தக் கோட்டை இடிந்திருக்கும்? ஊர்ப்புறத்து மூதாட்டி ஒருத்தி, தன்னிடம் கையூட்டு வாங்கினான் ஒருவன் என்று முறையிட எங்கே போவது என்று கேட்டால், "லோக் ஆயுக்தாவுக்குப் போ" என்கிறோம். ஏதோ வடநாட்டுக் கோயிலின் பெயர் போலும் என்று அவள் வீட்டுக்குத் திரும்பிவிடுவாள். இது மொழிவெறியர் பேச்சு என்று சிரிப்பவர் சிரிக்கட்டும். முறையிட வேண்டியவர்க்குப் புரியாத பெயரில் இயங்கும் காவல், பாதிக் காவலே.

இனி வரலாற்றுக்கு வருவோம். ஊழலை ஆராய்வதற்கென்று 1962-இல் நடுவண் அரசு ஒரு குழு அமைத்தது. அதற்குத் தலைமை தாங்கியவர் நம் தமிழ்நாட்டவரான க. சந்தானம். அக்குழுவின் பரிந்துரைப்படி 1964-இல் நடுவண் கண்காணிப்பு ஆணையம் தோன்றியது. ஆனால் அறிவுரை கூறும் உரிமை மட்டுமே அதற்குத் தரப்பட்டது. கேட்டால் கேட்கலாம், விட்டால் விடலாம். புலனாய்வுத் துறையோ 1963-இல் உள்துறையின் ஒரு தீர்மானத்தால் பிறந்தது. அதற்கென்று பாராளுமன்றம் இயற்றிய தனிச் சட்டம் இல்லை. வெள்ளையன் காலத்தில், 1946-இல் இயற்றப்பட்ட தில்லிக் காவற் சட்டம் ஒன்றின் நிழலில் ஒதுங்கி நின்றது. 2013 நவம்பரில் கௌகாத்தி உயர் அறமன்றம், இவ்வமைப்பின் பிறப்பே சட்டப்படி செல்லாது என்று கூறியபோது, நடுவண் அரசு மூன்றே நாளில் உச்ச அறமன்றத்தில் தடை வாங்கியது. தடை வாங்குவதில் இருந்த விரைவு, ஒரு சட்டம் இயற்றுவதில் ஐம்பது ஆண்டுகளாக ஏன் இல்லை?

லோக்பாலின் கதை இதனினும் பெரிது. மொரார்சி தேசாய் தலைமையிலான ஆட்சிச் சீர்திருத்த ஆணையம் 1966-இல் அதைப் பரிந்துரைத்தது. 1968-இல் சட்ட முன்வரைவு வந்தது. மக்களவையில் நிறைவேறி, மேலவையைத் தாண்டுமுன் அவை கலைந்தது, முன்வரைவும் செத்தது. பிறகு 1971, 1977, 1985, 1989, 1996, 1998, 2001 எனத் திரும்பத் திரும்பக் கொண்டுவந்தனர்; ஒவ்வொன்றும் அவ்வாறே காலாவதியாயிற்று, அல்லது கொண்டுவந்தவர்களாலேயே திரும்பப் பெறப்பட்டது. ஆட்சியில் இருந்தவர்கள் ஒரே கட்சியினர் அல்லர். ஆனால் இதில் மட்டும் எல்லாரும் ஒரே கட்சி! 2011-இல் மக்கள் தெருவில் இறங்கியபின் 2013-இல் சட்டம் நிறைவேறியது. 2014 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. முதல் தலைவர் அமர்த்தப்பட்டதோ 2019 மார்ச்சில். அவர் 2022 மே திங்களில் விலகியபின், அடுத்த முழுநிலைத் தலைவர் வந்தது 2024 மார்ச்சில். இவ்வளவு காத்திருந்து பெற்ற அமைப்பு, 2025 அக்டோபரில் ஏழு பி.எம்.டபிள்யூ மகிழுந்துகள் வாங்க ஒப்பந்தப்புள்ளி கேட்டது என்று செய்தித்தாளில் படித்தோம். ஒவ்வொன்றும் ஏறத்தாழ எழுபது இலக்கம் உருபா விலையுடையதாம். கள்வனைத் துரத்த விரைவான வண்டி வேண்டும் போலும்!

நிற்க. இவையெல்லாம் காலத்தாழ்வு பற்றியவை. உண்மையான கயிறு வேறு. ‘முன் இசைவு’ என்பது அதன் பெயர்.

ஓர் உயர் அலுவலர்மேல் ஊழல் முறையீடு வந்தால், அதை உசாவத் தொடங்குமுன்பே அரசிடம் இசைவு பெற வேண்டும் என்று ஒரு கட்டளை 1969 முதல் நடுவண் அரசில் இருந்துவந்தது. வழக்குத் தொடுப்பதற்கு முன்பன்று. உசாவத் தொடங்குவதற்கே முன்பு! 1997 திசம்பரில், வினீத் நாராயண் வழக்கில் உச்ச அறமன்றம் அக்கட்டளையைத் தூக்கி எறிந்தது. எறிந்ததைப் பாராளுமன்றம் பொறுக்கி எடுத்து, 2003-இல் 6-அ என்னும் சட்டப் பிரிவாகவே ஆக்கி வைத்தது. இணைச் செயலர் நிலைக்கும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு மட்டும் அக்காப்பு. 2014 மே 6-ஆம் நாள் உச்ச அறமன்றத்தின் அரசமைப்பு ஆயம் அதையும் தள்ளியது. சட்டத்தின் முன் எல்லாரும் நிகர் என்னும்போது, பெரிய அலுவலர்க்கு ஒரு முறை, சிறிய அலுவலர்க்கு ஒரு முறை எப்படிப் பொருந்தும் என்று கேட்டது.

இப்பொழுது ஆள்வோரின் அறிவுக்கூர்மையைப் பாருங்கள். நிகர்மை இல்லை என்பதுதானே குறை? அக்குறையைத் தீர்க்கப் பெரியவர்களின் காப்பை நீக்கியிருக்க வேண்டும். அவ்வாறு செய்தார்களில்லை. 2018-இல் ஊழல் தடுப்புச் சட்டத்தில் 17-அ என்னும் பிரிவைச் சேர்த்து, அக்காப்பை எல்லா அரசு ஊழியர்க்கும் விரித்துவிட்டார்கள்! ஒருவர் தம் பணியில் எடுத்த முடிவு, செய்த பரிந்துரை பற்றிய குற்றச்சாட்டாயின், அரசின் இசைவின்றி எவரும் உசாவக்கூடாது என்பது அதன் சாரம். மூன்று திங்களுக்குள் விடை தர வேண்டுமாம். மேலும் ஒரு திங்கள் நீட்டித்துக்கொள்ளலாமாம். இசைவு மறுக்கப்பட்டால் கோப்பு மூடிக்கொள்ளும்.

அப்பிரிவிலேயே ஒரு விலக்கும் உண்டு. கையூட்டு வாங்கும் இடத்திலேயே கையும் பொருளுமாகப் பிடிபட்டவனைத் தளையிட முன் இசைவு வேண்டுவதில்லை. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கின்றது. ஆனால் யார் அப்படிப் பிடிபடுகின்றனர்? பொடி தடவிய உருபாத் தாளைக் கையால் வாங்கி, கரைசலில் கை நனைத்தால் இளஞ்சிவப்பாக மாறுகின்றதே, அந்தக் கை யாருடைய கை? ஊர் ஆட்சி அலுவலர் கை. நில அளவையர் கை. மின்கம்பத்தில் ஏறும் ஊழியர் கை. ஐந்நூறும் ஐயாயிரமும் வாங்கிய கை. அவர்களைத் தண்டிக்க வேண்டா என்று நான் சொல்லவில்லை. ஏழையின் வயிற்றில் அடித்தவன் எவனாயினும் சிறைக்குப் போகட்டும். ஆனால் நூறு கோடி உருபா ஒப்பந்தத்தை வேண்டியவர்க்குத் தருகின்றவன் தாளைக் கையால் தொடுவதே இல்லை. அவன் செய்வது ஒரு கையெழுத்து. அந்தக் கையெழுத்திற்குச் சட்டத்தில் பெயர் ‘முடிவு’. முடிவை உசாவ இசைவு வேண்டும். அஃதாவது, சிவந்த கைக்கு ஒரு சட்டம், மை படிந்த கைக்கு ஒரு சட்டம்! 2014-இல் அறமன்றம் எந்த ஏற்றத்தாழ்வை நீக்கியதோ, அதுவே வேறு உடை உடுத்துக்கொண்டு பின்வாயில் வழியாக நுழைந்துவிட்டது.

"இக்காப்பு இல்லையென்றால் நேர்மையான அலுவலர் எந்தக் கோப்பிலும் கையெழுத்திட அஞ்சுவாரே" என்று சிலர் வாதிடுகின்றனர். இதை முற்றும் புறந்தள்ள முடியாது. பொய்யான முறையீட்டால் நல்லவர் அலைக்கழிக்கப்படுவதும் உண்டு. அவ்வாறாயின், முறையீட்டில் பொருள் உண்டா இல்லையா என்று முதலில் பார்க்கும் பொறுப்பை ஓர் அறமன்ற நடுவரிடமோ, அரசுக்குக் கட்டுப்படாத ஓர் ஆணையத்திடமோ தரலாமே! அதே அமைச்சகத்திடம், அதே ஒப்பந்தத்தால் ஆதாயம் பெற்றவர்கள் உட்கார்ந்திருக்கும் அதே அவையிடம் தருவானேன்? நல்லவரைக் காக்க வேண்டும் என்னும் கவலை உண்மையானால், அக்கவலைக்கு நடுநிலையாளர் ஒருவரே போதும்.

அதே 2018 திருத்தம் மக்களுக்கு என்ன செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். முன்னெல்லாம், கையூட்டுக் கொடுத்ததாக வழக்கில் வாக்குமூலம் தருபவரை அதைக்கொண்டே தண்டிக்க முடியாதபடி ஒரு காப்பு இருந்தது. அதை எடுத்துவிட்டார்கள். இப்பொழுது கொடுப்பவனும் குற்றவாளி. ஏழாண்டு வரை சிறை. வற்புறுத்தலால் கொடுத்தவன், கொடுத்த நாளிலிருந்து ஏழு நாளுக்குள் காவலரிடம் முறையிட்டால் மட்டுமே தப்பலாம். என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர், இரண்டு பிள்ளைகளுக்குத் தந்தை, ஓர் அலுவலகத்தில் ஒரு சான்றிதழுக்காகப் பொருள் கொடுத்துவிட்டு, மனம் பொறாமல் என்னிடம் வந்தார். "ஐயா, முறையீடு எழுதித் தாருங்கள்" என்றார். நாளைக் கணக்கிட்டோம். ஒன்பதாம் நாள்! "தம்பி, இனி முறையிட்டால் நீயும் கூண்டில் நிற்க நேரலாம்" என்று சொல்வதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை. அவர் ஒன்றும் பேசாமல் எழுந்து போனார். அரசுக்கு நான்கு திங்கள். அவருக்கு ஏழு நாள்.

தில்லியைப் பழித்துவிட்டுத் தமிழ்நாட்டைத் தப்பவிடுதல் நேர்மையாகாது. நம் வீட்டுக் கதையும் நாறுகின்றது. 1973-இலேயே, அமைச்சர், சட்டமன்ற உறுப்பினர் முதலிய பொதுவாழ்வினரின் குற்ற நடத்தையை உசாவுதற்கென்று தமிழகச் சட்டமன்றம் ஒரு தனிச் சட்டம் இயற்றியது என்பது இன்று எத்தனை பேருக்குத் தெரியும்? 1977-இல் அச்சட்டமே நீக்கப்பட்டது. அதன்பின் நாற்பத்தோராண்டு ஒன்றுமில்லை. இரு கட்சிகளும் மாறி மாறி ஆண்டன. ஒன்றை ஒன்று ஊழற்கட்சி என்று ஏசின. ஊழலை உசாவும் மன்றத்தை மட்டும் இரண்டும் அமைக்கவில்லை. 2018-இல் உச்ச அறமன்றம் இடித்துரைத்த பிறகே லோக் ஆயுக்தா வந்தது. 1997-இல், இந்தியாவிலேயே முதன்முதலாகத் தகவல் உரிமைச் சட்டம் இயற்றிய மாநிலம் என்று நாம் பெருமை பேசுகின்றோம்; 2008-இல் அதே மாநில அரசுதான் ஊழல் தடுப்பு இயக்ககத்தைத் தகவல் உரிமையின் எல்லைக்கு வெளியே வைத்து ஆணையிட்டது. அந்த இயக்ககத்திற்கு மேலே இருக்கும் கண்காணிப்பு ஆணையர் பொறுப்பைத் தலைமைச் செயலரே சேர்த்து வகித்த காலமும் உண்டு. அரசின் தலைமை ஊழியரே அரசு ஊழியரின் ஊழலுக்கு நடுவர்!

அவ்வியக்ககம் திறமையற்றது என்று எவரும் எண்ண வேண்டா. அதன் திறமைக்குச் சான்று, 1996-இல் முன்னாள் முதலமைச்சர் செயலலிதாமேல் அது தொடுத்த சொத்துக்குவிப்பு வழக்கு. ஆவணங்களைத் தேடித் திரட்டியவர்கள் நம் காவலரே. ஆனால் 2001-இல் அவர் மீண்டும் ஆட்சிக்கு வந்ததும் என்ன நடந்தது? 76 சான்றாளர்கள் மீண்டும் அழைக்கப்பட்டார்கள்; அவர்களில் 64 பேர் முன்னர்ச் சொன்னதை மாற்றிச் சொன்னார்கள். அரசு வழக்குரைஞர் வாய் திறக்கவில்லை. 2003-இல் உச்ச அறமன்றம் அவ்வழக்கைத் தமிழ்நாட்டைவிட்டே எடுத்துப் பெங்களூருக்கு மாற்றியது. 2014-இல் தண்டனை, 2015-இல் விடுதலை, 2017 பிப்ரவரியில் உச்ச அறமன்றத்தின் இறுதித் தீர்ப்பு. அப்பொழுது அவர் உயிரோடு இல்லை. நாய் கடிக்கத் தெரிந்த நாய்தான். கயிறு கை மாறியதும் வாலாட்டியது, அவ்வளவே.

பின்னரும் அதே கூத்துத்தான். அமைச்சராக இருந்தபோது ஒருவர்மேல் எழுந்த ஒப்பந்த ஊழல் முறையீட்டில், முகாமை இல்லை என்று அவ்வியக்ககத்தின் அறிக்கை கூறியது. அரசு கோப்பை மூடியது. 2021-இல் ஆட்சி மாறியது. அதே இயக்ககம் அதே ஆளின்மேல் வழக்குப் பதிந்து வீட்டைத் தேடியது. 2022-இல் உயர் அறமன்றம் அவர்மீதான அந்த ஒப்பந்த வழக்கைத் தள்ளியது. இவற்றுள் எது மெய் என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஆட்சிக்கு ஓர் அறிக்கை என்று எழுதும் அமைப்பின் சொல்லை, அது மெய்யே சொல்லும்போதும் எவர் நம்புவர்?

2023 சூனில் தமிழ்நாட்டரசு, புலனாய்வுத் துறைக்கு வழங்கியிருந்த பொது இசைவைத் திரும்பப் பெற்றது. மாநில உரிமை என்னும் அளவில் அதை வரவேற்கின்றோம். 2013-இல் உச்ச அறமன்றமே கூண்டுக்கிளி என்று இடித்துக்கூறிய அமைப்பை வீட்டுக்குள் விட எவர் ஒப்புவர்? அதே ஆண்டு திசம்பரில், அமலாக்கத்துறை அலுவலர் ஒருவரைத் திண்டுக்கல்லில் இருபது இலக்கம் உருபா கையூட்டு வாங்கியதாக நம் ஊழல் தடுப்புக் காவலர் பிடித்தார்கள். காவலனைக் காவலன் பிடித்தான்! நாடே கைகொட்டியது. ஆனால், தில்லியின் கிளி வேண்டா என்று கதவடைத்தவர்கள், தங்கள் கூண்டில் உள்ள கிளியைத் திறந்துவிட்டார்களா என்பதே என் கேள்வி. திறந்துவிடாமல் பேசும் மாநில உரிமை, கொள்ளையடிக்கும் உரிமையாகத் தாழ்ந்துவிடும்.

கயிற்றை வேறு கையில் தந்தால் பயன் உண்டா? உண்டு. பக்கத்துக் கருநாடகத்தைப் பாருங்கள். அங்கே 1984-இல் சட்டம் செய்து, லோக் ஆயுக்தாவுக்கென்று தனிக் காவற்பிரிவும் தந்தார்கள். 2011 சூலையில் சந்தோசு எக்டே சுரங்கக் கொள்ளை பற்றிய அறிக்கையைத் தந்தார். சில நாள்களிலேயே முதலமைச்சர் எடியூரப்பா பதவி விலக நேர்ந்தது. (அவர்மேல் தொடுத்த ஒரு வழக்கில் 2016-இல் அவர் விடுவிக்கப்பட்டார் என்பதையும் மறைக்க வேண்டா.) பிறகு அவ்வமைப்பிலேயே கறை படிந்தது, 2015-இல் அப்போதைய லோக் ஆயுக்தாவின் மகனே பணம்பறிப்புக் குற்றச்சாட்டில் தளைப்பட, தந்தை பதவி விலகினார். கறையைக் கழுவுவதற்கு மாறாக, 2016-இல் வேறு கட்சி அரசு ஊழல் வழக்குகளை அவ்வமைப்பிடமிருந்து பிடுங்கி, தன் கைக்கடக்கமான புதிய பிரிவு ஒன்றிடம் தந்தது. 2022 ஆகத்தில் கருநாடக உயர் அறமன்றம் அப்பிரிவையே கலைத்து, உரிமையை மீண்டும் லோக் ஆயுக்தாவிடம் சேர்த்தது. கடித்த நாயின் பல்லைப் பிடுங்கத் துடிப்பதில் எந்தக் கட்சிக்கும் வேறுபாடில்லை.

ஆங்காங்கிலும் இதே கதை, நல்ல முடிவோடு. 1973-இல் காட்பர் என்னும் வெள்ளைக்காரக் காவல் உயரலுவலர், கணக்குக் காட்ட முடியாத 43 இலக்கம் ஆங்காங்கு வெள்ளியோடு பிடிபட இருந்த வேளையில் இங்கிலாந்துக்கு ஓடிவிட்டார். மக்கள் கொதித்தெழுந்தனர். 1974 பிப்ரவரியில், காவல்துறையினின்று முற்றும் பிரிக்கப்பட்ட தனி ஆணையம் அமைந்தது. ஓடியவரைத் திரும்பக் கொணர்ந்து சிறையிலும் இட்டது. காவலர்களின் ஊழலைக் காவலர்களே உசாவுவது என்னும் கேலிக்கூத்து அங்கே முடிந்தது. 1977-இல் காவலர்கள் கிளர்ந்தெழுந்து அவ்வாணையத்தின் அலுவலகத்துக்குள் புகுந்து தாக்கினார்கள்; அஞ்சிய ஆளுநர், அவ்வாண்டுக்கு முந்தைய குற்றங்கள் பலவற்றைப் பொறுத்தருளினார். அங்கும் கயிறு ஒருமுறை இழுக்கப்பட்டது, ஆயினும் அறுபடவில்லை.

தமிழும் ஆட்சிமொழியாய் விளங்கும் சிங்கப்பூரில் ஊழல் ஆய்வுப் பணியகம் தலைமை அமைச்சரின் கீழ் உள்ளது. ஆனால் 1991-இல் அரசமைப்பைத் திருத்தி ஒரு வழி செய்தார்கள்: தலைமை அமைச்சர் இசைவு மறுத்தாலும், குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு பணியகம் உசாவலாம். 2023 சூலையில் அமைச்சர் ஈசுவரனை அப்பணியகம் தளையிட்டது. 2024 அக்டோபரில் அவருக்குப் பன்னிரண்டு திங்கள் சிறை. அவர் தமிழர். நம்மவர் என்பதற்காக இதைச் சொல்லாமல் விடுவது நமக்கு அழகன்று. அந்நாட்டு ஆட்சியின் பல குறைகளை நான் அறிவேன். ஆனால் பதவியில் இருந்த அமைச்சரையே பதினைந்து திங்களுக்குள் உசாவித் தண்டித்த ஒன்றை நம் நாட்டில் காட்டுங்கள் பார்க்கலாம்.

வெளிநாட்டுக்குக்கூடப் போக வேண்டா. உத்தரமேரூர்க் கல்வெட்டு, முதற் பராந்தகன் காலத்தது. 919, 921 ஆகிய ஆண்டுகளினது. ஊர் வாரியங்களுக்குக் குடவோலை முறையில் ஆள் தேர்ந்தெடுக்கும் நெறி அதில் வெட்டப்பட்டுள்ளது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனின் பெயர் ஓலையில் ஏறாது; அவனோடு அவன் நெருங்கிய உறவினர் பெயரும் ஏறாது. அது வேதம் ஓதியவர்க்கு மட்டும் இடம் தந்த பார்ப்பன ஊரவை; அதை மக்களாட்சி என்று போற்றும் மயக்கம் எனக்கில்லை. ஆனால் கணக்குக் காட்டாதவனை உசாவ அவனிடமே இசைவு கேட்கும் அறிவீனம் அந்தக் கல்லில் இல்லை.

ஆகலின் தமிழ்நாட்டில் நாம் கேட்க வேண்டியது இதுதான். ஊழல் தடுப்பு இயக்ககத்தைக் கோட்டையினின்று பிரித்து, காவலரும் கணக்கரும் உடைய தனி ஆணையத்தின்கீழ் வைக்க வேண்டும். அதன் தலைவரை ஆளுங்கட்சி தன் விருப்பப்படி மாற்ற இயலாதவாறு கால வரம்பு தர வேண்டும். முன் இசைவு கேட்கும் கோப்பு எதுவாயினும், கேட்ட நாள், விடை தந்த நாள், தந்தவர் பெயர் மூன்றும் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். முறையீட்டுப் படிவம் தமிழில் இருக்க வேண்டும்; வற்புறுத்தலால் கொடுத்தவனுக்கு ஏழு நாள் என்பதை நீட்டிக்குமாறு சட்டமன்றம் தில்லியை வலியுறுத்தித் தீர்மானம் இயற்ற வேண்டும்.

இதழைப் படித்து மடித்து வைத்துவிடாதீர்கள், அன்பர்களே. உங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினர் எக்கட்சியினராயினும் அவருக்கு ஒரு மடல் எழுதுங்கள். அரசு அலுவலரையும் அமைச்சரையும் உசாவுவதற்காக இசைவு கேட்டு வந்த கோப்புகள் இன்றைக்கு எத்தனை நிலுவையில் உள்ளன, எந்நாள் முதல், யார் மேசையில் என்று கேளுங்கள். விடையை எழுத்தில் தரச் சொல்லுங்கள். தமிழில் தரச் சொல்லுங்கள். வந்த விடைகளையும், விடை வாராவிடின் மடல் எழுதிய நாளையும் இவ்விதழுக்கு விடுத்து வையுங்கள்.